வானியல் தரவு ஆய்வுப் பணிகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: பட்டம் கைக்கு வந்த பிறகே பணி தேட வேண்டும்.

உண்மை: முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி, அதாவது நிரந்தரப் பதவிக்கு முன் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒப்பந்த முறையில் செய்யப்படும் ஆய்வு, வானியலில் பருவம் பார்த்தே நிரப்பப்படுகிறது. அமெரிக்க வானியல் சங்கத்தின் பணியிடப் பதிவேட்டில் அறிவிப்புகள் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை குவிகின்றன. தேர்வானவர் பெரும்பாலும் அடுத்த ஆண்டு செப்டம்பரை ஒட்டியே பணியில் சேர்கிறார். ஆகவே மே மாதத்தில் ஆய்வேட்டை ஒப்படைக்கவிருப்பவர் அதற்கு முந்தைய அக்டோபரிலேயே விண்ணப்பிக்க வேண்டியவராகிறார். சேரும் நாளில் பட்டம் இருந்தால் போதும் என்பதே பல இடங்களின் வழக்கம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி நல்கைக்கு விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குள் முனைவர் தகுதி பெற்றிருப்பது கட்டாயம்.

நம்பிக்கை: நிரல் எழுதத் தெரிந்தால் போதும், தரவு எத்துறையினதாயினும் ஒன்றே.

உண்மை: மிகுதியான விண்ணப்பங்களைச் சரிப்பது இந்த நம்பிக்கையே. ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம் 2022 ஜூனில் வெளியிட்ட அட்டவணையில் ஏறத்தாழ 180 கோடி வான்பொருள்கள் உள்ளன. அது எவருக்கும் இலவசமாகக் கிடைப்பதால், தரவைக் கையாளத் தெரியும் என்பது மட்டும் ஒருவரைத் தனித்துக் காட்டுவதில்லை. அந்த அட்டவணையில் விண்மீனின் தொலைவைக் கணிக்க உதவும் இடமாறு கோணம், அதாவது பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தோன்றும் சிறு கோணம், பல பொருள்களுக்கு எதிர்க்குறி எண்ணாகப் பதிவாகியுள்ளது. அத்தகைய கோணம் இயற்கையில் இல்லை. அளவீட்டுப் பிழையே மிகச் சிறிய கோணத்தைச் சுழிக்குக் கீழே தள்ளியிருக்கிறது. நிரல் மட்டும் அறிந்தவர் அவ்வரிசைகளைப் பழுதென நீக்கிவிட, எஞ்சிய கோணங்களின் சராசரி உயர்ந்து, விண்மீன்கள் உள்ளதைவிட அருகில் இருப்பதாக முடிவு திரிந்துவிடுகிறது. தேர்வுக்குழு விண்ணப்பத்தில் தேடுவது இத்தகைய பொறியைக் கண்டு விலகிய அனுபவத்தையே. மொழிகள், மென்பொருள்களின் நீண்ட பட்டியலை அது அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

நம்பிக்கை: வெளிநாட்டு நல்கைகள் அந்நாட்டுக் குடிமக்களுக்கே.

உண்மை: நாசாவின் ஹபிள் நல்கைக்கும் மேரி கியூரி நல்கைக்கும் எந்நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். பின்னதில் தடையாவது குடியுரிமையன்று, வசிப்பிடமே: கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் ஜெர்மனியில் வாழ்ந்தவர் ஜெர்மனியில் பணிபுரிய அதனைப் பெற இயலாது, அவரே நெதர்லாந்துக்கு விண்ணப்பிக்கலாம்.

நம்பிக்கை: பணி கிடைத்ததும் உடனே ஒப்புக்கொள்ளாவிட்டால் கைநழுவிவிடும்.

உண்மை: பிப்ரவரி 15-க்கு முன் விடை கோரி எவரையும் நெருக்கலாகாது என அமெரிக்க வானியல் சங்கம் 1988-இல் தீர்மானித்தது. இது சட்டமன்று, துறையின் நடைமுறை ஒழுங்கே. எனினும் டிசம்பரிலேயே அழைப்புப் பெற்றவர் அந்நாளைச் சுட்டி அவகாசம் கேட்பதை அத்துறையினர் இயல்பானதாகவே கொள்கின்றனர்.