வேன் கதவில் ஒரு தண்ணீர்க் குழாய்

தம்பி தங்கைகளே, முகாமில் அடிக்கடி ஆற்றுக்கு இறங்குகிறவர்கள் யார் தெரியுமா? குளிக்கப் போகிறவர்கள் இல்லை. பானை கழுவப் போகிறவர்கள்தான்.

சில வருடங்களுக்கு முன் உலு லங்காட் பக்கம் நாங்கள் ஒரு முகாம் நடத்தினோம். சாயங்காலச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு பையன்கள் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனார்கள். எங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு மழை இல்லை. மலை மேல் பெய்திருக்கிறது. தெளிவாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் திடீரென்று தேநீர் நிறத்துக்கு மாறியது, இலையும் குச்சியும் மிதந்து வந்தன. இருவரில் ஒருவன் ஆற்றோரக் கம்பத்தில் வளர்ந்தவன். "டேய், கெப்பாலா ஆயர்டா, மேல ஏறு!" என்று கூட்டாளியின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டான். மலையில் பெய்த மழை திரண்டு ஒரேயடியாக இறங்கும் வெள்ளத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். பானை போய்விட்டது. பையன்கள் பிழைத்தார்கள்.

அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. அடுத்த முகாமிலிருந்து ஒரு விதி வைத்தோம்: கழுவுகிற வேலைக்கு யாரும் ஆற்றுக்கு இறங்கக்கூடாது. தண்ணீர் நம்மோடு வேனில் வரவேண்டும், குழாயைத் திறந்தால் கொட்டவேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. 2010-இல் பகாங், மாரான் வட்டாரத்து லுபுக் யூவில், நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடும் பணிக்குப் போனவர்களில் சிலர் பிறகு எலிக் காய்ச்சலும் மெலியோய்டோசிஸும் தொற்றி உயிரிழந்தார்கள். எலிக் காய்ச்சல் கிருமி காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே உடம்புக்குள் நுழைந்துவிடும். பார்க்கத் தெளிவாக இருக்கிற தண்ணீர் சுத்தமான தண்ணீர் என்று நினைக்காதீங்க.

சரி, வேலைக்கு வருவோம். தேவையானவை குறைவுதான்: 20 லிட்டர் ஜெரிகேன்கள், ஒரு 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பு, பேட்டரி, பியூஸ், சுவிட்ச், வயர், அரை அங்குல ஹோஸ், கிளிப்புகள், சாதாரணச் சமையலறைக் குழாய் ஒன்று. மீன்பிடிப் படகுச் சாமான் விற்கும் கடையிலோ இணையக் கடையிலோ பம்பு கிடைக்கும். ஜெரிகேனுக்குள்ளேயே போட்டுவிடுகிற மூழ்கு பம்பும் விற்கிறார்கள். விலை மலிவு, தனியாள் முகாமுக்குப் போதும். ஆனால் தண்ணீர் தீர்ந்து காலியாக ஓடினால் அது சீக்கிரம் கெட்டுப்போகும். பத்துப் பேர் கை வைக்கிற இடத்துக்கு டயாஃப்ரம் பம்பே நல்லது என்பது என் கருத்து.

அது வேலை செய்யும் விதம் நம் நெஞ்சைப் போலத்தான். உள்ளே ஒரு ரப்பர் தோல் முன்னும் பின்னும் அசைகிறது. பின்னால் போகும்போது ஒரு வால்வு திறந்து தண்ணீரை இழுக்கும், முன்னால் வரும்போது இன்னொரு வால்வு திறந்து வெளியே தள்ளும். குழாயை மூடினால் உள்ளே அழுத்தம் ஏறும். குறிப்பிட்ட அளவு வந்ததும் பம்பிலேயே உள்ள அழுத்தச் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். குழாயைத் திறந்தால் அழுத்தம் இறங்கி மறுபடியும் ஓடும். அதனால் ஒவ்வொரு தடவையும் சுவிட்ச் தட்ட வேண்டியதில்லை. வீட்டுக் குழாய் மாதிரியே.

பேட்டரி விஷயத்தில்தான் நம் பிள்ளைகள் வீண் செலவு செய்கிறார்கள். "அண்ணே, 100 ஆம்பியர் பேட்டரி வாங்கலாமா?" என்று ஒரு தம்பி கேட்டான். கணக்குப் போட்டுப் பார்ப்போமே. நிமிடத்துக்கு 4 லிட்டர் தள்ளும் பம்பு ஏறக்குறைய 4 ஆம்பியர் இழுக்கும். ஒரு ஜெரிகேன் காலியாக 5 நிமிடம். 4 ஆம்பியர், 5 நிமிடம் என்றால் 20 ஆம்பியர்-நிமிடம். அதாவது ஒரு ஆம்பியர்-மணியில் மூன்றில் ஒரு பங்குதான். வீட்டு ஆட்டோகேட்டுக்குள் இருக்கிற சின்ன 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலே பத்து ஜெரிகேன், 200 லிட்டர் இறைக்கலாம். 200 லிட்டர் என்றால் 200 கிலோ. அவ்வளவு தண்ணீரை எந்த முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போகப் போகிறோம்? மின்சாரம் தீர்வதற்கு ரொம்ப முன்பே தண்ணீர் தீர்ந்துவிடும். (புதுசா ஒன்று வாங்கிக்குங்க. வீட்டுக் கேட்டிலிருந்து கழற்றினால் அம்மா வெளியே மாட்டிக்கொள்வார்!)

அதே சின்ன பேட்டரிதான் வேனையும் எரிக்கும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். ஆனால் இரண்டு முனையும் நேராகத் தொட்டுக்கொண்டால் 7 ஆம்பியர்-மணி பேட்டரிகூட ஒரு கணத்தில் 100 ஆம்பியருக்கு மேல் கொட்டும். எங்கள் முதல் அமைப்பில் சிவப்பு வயர் இருக்கையின் இரும்புச் சட்டத்தில் உரசி உரசி மேல்தோல் போய்விட்டது. கறுப்பு வயரும் அங்கேயே நசுங்கி, இரண்டும் ஒட்டிக்கொண்டன. புகை வந்த பிறகுதான் தெரிந்தது. நல்லவேளை, வேன் நின்றுகொண்டிருந்தது. பியூஸ் இருந்தது, ஆனால் பம்புக்குப் பக்கத்தில். பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில் இருந்த மூன்று மீட்டர் வயருக்குக் காவலே இல்லை.

பியூஸ் பம்பைக் காப்பாற்ற மட்டும் இல்லை, முக்கியமாக வயரைக் காப்பாற்ற. அதனால் பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் வரவேண்டும். நம் பம்புக்கு 7.5 அல்லது 10 ஆம்பியர் போதும். பம்போடு வந்த தாளில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். பியூஸ் போய்விட்டால் காரணத்தைத் தேடுங்கள். பெரிய பியூஸ் போடாதீங்க, ஈயத்தாள் சுற்றவே சுற்றாதீங்க. வேலை செய்யும்போது மோதிரம், காப்பு எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள்.

வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் எடுங்கள். பேட்டரிக்கும் பம்புக்கும் இடையே 4 மீட்டர் என்றால் மின்சாரம் போக வர 8 மீட்டர். 5 ஆம்பியர் ஓடினால்கூட ஏறக்குறைய 0.3 வோல்ட்தான் வழியில் வீணாகும். மெல்லிய 0.75 வயரில் இதுவே ஒரு வோல்ட்டுக்கு வந்துவிடும், பம்பு சோர்ந்து ஓடும். சுவிட்சைச் சிவப்பு வயரில் வையுங்கள்.

இனி ஹோஸ். பம்புக்குப் பின்னால், தள்ளுகிற பக்கத்தில் கசிவு இருந்தால் தண்ணீர் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். பம்புக்கு முன்னால், இழுக்கிற பக்கத்தில் கசிவு இருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். ஒரு முகாமில் பம்பு கடகடவென்று ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. "பேட்டரி வீக் ஆயிடுச்சுண்ணே" என்று எல்லோரும் ஒரே தீர்ப்பு. நானும் நம்பி பேட்டரியை மாற்றினேன். அரை மணி நேரம் போனது. நான்காம் படிவ மாணவி ஒருத்தி மட்டும் குனிந்து ஹோஸில் காதை வைத்துக் கேட்டாள். "அண்ணா, இங்க 'ஸ்ஸ்'னு சத்தம் வருது." ஜெரிகேன் மூடிக்கு அருகே கிளிப் தளர்ந்திருந்தது. முறுக்கியதும் தண்ணீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் முகாமில் பம்புக்கு அவள்தான் பொறுப்பாளர்.

இழுக்கிற பக்கத்து ஹோஸ் குட்டையாக இருக்கட்டும், இணைப்புகள் குறைவாக இருக்கட்டும். பம்புக்கு முன் ஒரு சின்ன வடிகட்டி வேண்டும்; ஒரு மணல் துகள் வால்வில் மாட்டினாலே இழுவை போய்விடும். ஜெரிகேன் மூடியையும் காற்று புகாமல் இறுக்கிவிடக் கூடாது. தண்ணீர் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வரவில்லையென்றால் ஜெரிகேன் சப்பையாக ஒடுங்கும், பம்பு திணறும். மூடியில் சின்னத் துளை ஒன்று போதும்.

கழுவுவதற்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று நாங்கள் வைத்திருக்கிறோம். 12 பேருக்கு மூன்று ஜெரிகேன், 60 கிலோ. கூரை மேல் வேண்டாம்; வேன் தரையில், இருக்கைக்குப் பின்னால் பட்டை போட்டுக் கட்டுங்கள். குழாயை முழுக்கத் திறந்து ஒருவர் 5 நிமிடம் பானை தேய்த்தால் ஒரு ஜெரிகேன் காலி! அதனால் முதலில் துடைத்துவிட்டு, வாளியில் சோப்பு போட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் குழாய். சோப்புத் தண்ணீரை ஆற்றில் கொட்டாமல் தள்ளிப்போய் மண்ணில் ஊற்றுங்கள்.

குடிக்கும் தண்ணீர் தனிக் கலனில் வரட்டும், இந்த ஹோஸ் வழியாக வேண்டாம். கழுவும் ஜெரிகேனையும் வீட்டுக் குழாயில்தான் நிரப்ப வேண்டும். முகாமுக்கு முன் 20 லிட்டர் தண்ணீரில் வாசனை சேர்க்காத 5 சதவீத குளோரின் திரவம் 20 மில்லி கலந்து, குழாயில் வாடை வரும்வரை ஓட்டி, சில மணி நேரம் விட்டு, பிறகு நன்றாக அலசிவிடுங்கள்.

இரவு படுக்கும் முன் மெயின் சுவிட்சை அணைக்க மறக்காதீங்க. குழாய் சொட்டினால் அழுத்தம் இறங்கும், பம்பு விழித்துக்கொள்ளும்; காலையில் ஜெரிகேனும் இருக்காது, தூக்கமும் இருந்திருக்காது.

வீடு திரும்பியதும் ஹோஸைக் கழற்றித் தொங்கவிடுங்கள், பம்பைச் சில விநாடி வெறுமனே ஓட்டி மிச்சத் தண்ணீரை வெளியேற்றுங்கள், ஜெரிகேன் மூடியைத் திறந்து கவிழ்த்து வையுங்கள். பேட்டரியை மாதம் ஒரு தடவை சார்ஜ் செய்யுங்கள். அடுத்த முகாமுக்கு இரண்டு வாரத்துக்கு முன் வீட்டு வாசலில் வைத்து ஒரு ஜெரிகேன் முழுக்க ஓட்டிப் பாருங்கள். கிளிப் தளர்ந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், ஹார்ட்வேர் கடையும் பக்கத்திலேயே இருக்கும்.