ஏறும் வழியில் இளைப்பாறுதல்

சோம்பல் சாதகனின் பகை என்பதை அனைவரும் அறிவர். அதற்குச் சற்றும் குறையாத மற்றொரு பகையும் உண்டு. அது சுறுசுறுப்பின் வேடத்தில் வருவதால் எளிதில் அடையாளம் தெரிவதில்லை. ஓயாது உழைப்பவரிடம் ஒருநாள் தோன்றும் உள்வறட்சியே அது. உறங்கி எழும்போதே களைப்பு இருக்கிறது. விரும்பி ஏற்ற தொண்டு பாரமாகிறது. உதவி நாடி வருபவர்மீது எரிச்சல் எழுகிறது. எவ்வளவு செய்தும் பயனில்லை என்ற எண்ணம் மனத்தில் குடியேறுகிறது.

இந்தப் பணிச்சோர்வைப் பற்றி 1974-ஆம் ஆண்டில் எழுதி உலகின் கவனத்தை ஈர்த்தவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்னும் உளவியல் அறிஞர். நியூயார்க் நகரின் இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் தொண்டாற்றியவர்களிடம் அவர் இதைக் கண்டார். ஈடுபாடு மிக்கவர்களே எளிதில் இதற்கு ஆளாகின்றனர் என்பது அவர் உணர்த்திய உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் இதற்கு வகுத்த விளக்கம், இதனை ஒரு நோயாகக் கொள்ளாமல், முறையாகக் கையாளப்படாத நீடித்த பணி நெருக்கடியின் விளைவு என்கிறது. ஆற்றல் வற்றுதல், பணியின்மீது மனம் விலகுதல், செயல்திறன் குறைதல் ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள்.

படிகள் புகட்டும் பாடம்

நெருக்கடி நேரும்போது உடல் அட்ரினலின், கார்டிசால் ஆகிய சுரப்புகளால் தன் ஆற்றலைத் திரட்டிக்கொள்கிறது. அது ஆபத்துக் காலத்துக்கென்று அமைந்த ஏற்பாடு. அதுவே நாள்தோறும் நீடித்தால் உறக்கம் கெடுகிறது, நினைவு மங்குகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது. ஆகவே ஓய்வு என்பது விழுந்தபின் தேடும் மருந்தாக இராமல், வழியிலேயே அமைந்திருக்க வேண்டும்.

திருப்பதியில் அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து செல்வோர் சுமார் 3,550 படிகள் ஏற வேண்டும். காலி கோபுரம் வரை ஏற்றம் செங்குத்தானது. பின்னர்ப் பாதை நெடுந்தொலைவு மென்மையாகச் செல்கிறது. அதன்பின் முழங்கால் முறிச்சானின் கடும் ஏற்றம் வருகிறது. பாதையை அமைத்தோர் இடையிடையே மண்டபங்களையும் எழுப்பி வைத்தனர். மண்டபத்தில் அமர்ந்திருப்பவரை, யாத்திரையைக் கைவிட்டவர் என்று எவரும் கருதுவதில்லை. அமர்தலும் ஏறுதலின் ஒரு பகுதியே. தொடக்கத்தின் உற்சாகத்தில் அங்கு அமராமல் விரைபவர், முழங்கால் முறிச்சானில் அதன் விலையைக் கொடுக்கிறார்.

மலைமேல் நடைபெறும் வழிபாட்டிலும் இந்த ஒழுங்கு உண்டு. சுப்ரபாதத்தில் தொடங்கும் நாள் ஏகாந்த சேவையில் நிறைவுறுகிறது. அன்னமாச்சாரியரின் வழிவந்த தாலாட்டுடனும், தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயரால் நிகழும் முத்தியால ஆரத்தியுடனும் பெருமான் பள்ளிகொள்கிறார். இறைவனுக்கே துயில் வகுத்த மரபில் வந்தவர்கள் தம் உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு பெருமை கொள்வதற்கு இடமேது?

மதனப்பள்ளியில் கவிஞர்

இயல்பிலேயே செயல்வீரராக இருப்பவருக்கு, வெறுமனே இருக்கும் ஓய்வு சில வேளைகளில் தண்டனையாகிவிடும். அவர் மீள்வதற்கான வழியை இரவீந்திரநாத் தாகூரின் வாழ்வில் காணலாம். 1918 டிசம்பரில் சாந்திநிகேதனில் விஸ்வபாரதிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அடுத்த சில வாரங்களில் கவிஞர் தென்னாட்டுச் சுற்றுப்பயணத்தை மேற்கொண்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு. ஊர் ஊராகச் சொற்பொழிவும் வரவேற்புமாக நாள்கள் கழிந்தன. பயணக் களைப்புடன் 1919 பிப்ரவரி இறுதியில், அந்நாளில் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அவர் வந்து சேர்ந்தார். அங்குள்ள தியாசாபிகல் கல்லூரியின் தலைவரான ஜேம்ஸ் கசின்ஸ் அவரை விருந்தினராக ஏற்றார்.

அங்கே கவிஞர் முற்றிலும் செயலற்று இருக்கவில்லை. மாலையில் மாணவர்கள் கூடிப் பாடிய வேளையில் தாமும் ஒரு பாடலைப் பாடினார். அதுவே 'ஜன கண மன'. பிப்ரவரி 28-ஆம் நாள் அப்பாடலைத் தம் கையாலேயே ஆங்கிலத்தில் பெயர்த்தும் எழுதினார். இசை வல்லுநரான மார்கரெட் கசின்ஸ் அதன் மெட்டுக்குச் சுரக்குறிப்பு அமைத்தார். 1950 ஜனவரி 24-ஆம் நாள் அப்பாடல் நாட்டின் தேசிய கீதமாக ஏற்கப்பட்டது.

இதில் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. கவிஞர் விட்டது செயலை அன்று. அவசரத்தையும் கூட்டத்தையும் எதிர்பார்ப்பையும் விட்டார். தமக்கு இயல்பான ஒரு சிறு பணியை, எவருடைய கட்டாயமும் இன்றிச் செய்தார். வறண்ட கிணற்றில் நீர் ஊறுவது இவ்வாறுதான். தோட்ட வேலை, பாட்டு, மாலை நடை, ஒரு குழந்தைக்குக் கதை சொல்லுதல் என அவரவர்க்கு உரிய ஊற்று ஒன்று இருக்கும்.

சிறிது சிறிதாகத் திரும்புதல்

மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் 1915-ஆம் ஆண்டில் காசநோய் மருத்துவமனை ஒன்று தொடங்கப்பட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் ஃபிரிமொட்-மோலர் அதை நடத்தினார். காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத அக்காலத்தில், இத்தகைய மருத்துவமனைகள் ஓய்வையும் தூய காற்றையும் சத்துணவையும் நம்பியிருந்தன. தேறி வருபவர் முதலில் சிறிது தூரம் நடப்பார். பின்னர் எளிய வேலை செய்வார். அதன்பின்னரே முழு உழைப்புக்குத் திரும்புவார். இன்று அந்நோய்க்கு மருந்து இருக்கிறது. எனினும் படிப்படியாகத் திரும்புதல் என்னும் அந்த நெறி பணிச்சோர்வுக்கு நன்கு பொருந்தும். சற்றுத் தெம்பு வந்தவுடன் பழைய சுமை அனைத்தையும் தூக்குபவர் மீண்டும் விழுகிறார். ஆகவே திரும்பும்போது எதை ஏற்பது, எதைப் பிறரிடம் ஒப்படைப்பது, எதை மறுப்பது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். சுமை மாறாமல் ஓய்வு மட்டும் எடுப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போன்றது. துயரமும் உறக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தாலும், வாழ்வில் வெறுப்பு தோன்றினாலும் தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும். அது பக்திக் குறைவு ஆகாது.

வேர் எங்கே?

உண்பதிலும் உலவுவதிலும், செயலிலும், உறக்கத்திலும் விழிப்பிலும் அளவு அறிந்தவனுக்கே யோகம் துன்பத்தைப் போக்கும் என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. அளவு தவறுவதற்கு வேலையின் மிகுதி மட்டுமே காரணம் அன்று. 'நான் இல்லாவிட்டால் இது நடக்காது' என்னும் எண்ணம் பல வேளைகளில் அதன் அடியில் ஒளிந்திருக்கிறது. தொண்டின் பெயரால் வளரும் அகந்தை அது. ஒருநாள் விலகி நிற்பவர், தாம் இல்லாமலும் அடுப்பு எரிவதையும், பந்தி பரிமாறப்படுவதையும் காண்கிறார். அந்தக் காட்சி முதலில் சற்று வலிக்கும், பின்னர் விடுதலையாகும். அந்த விடுதலையோடு திரும்புபவரின் கைகளில் வேலை முன்னிலும் இலேசாகிறது. எதிரில் வந்து நிற்பவரின் முகமும் அவருக்கு மீண்டும் தெரியத் தொடங்குகிறது.