வயலோரத்தில் அமர்ந்திருக்கும் பருந்தினத்தை இனங்காணல்

பெரும்போக நெல் குடலைப் பருவத்தை அடையும் காலத்தில், வயலோரத்து மின்கம்பத்திலோ பட்ட மரக்கொம்பிலோ முன்பு கண்டறியாத பறவையொன்று அமர்ந்திருப்பதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். வளைந்த அலகும் கூரிய நகங்களும் உடைய அப்பறவை கோழிக்குஞ்சைக் கவர வந்ததெனக் கருதி, அதனைக் கல்லெறிந்து துரத்துவோர் உளர். ஆயின், நெற்பயிரின் தாளை அடியில் வெட்டி வீழ்த்தும் எலியைப் பிடிப்பதற்கே அது அங்கு காத்திருக்கலாம். அதனைத் துரத்துபவர் தம் வயலின் காவலைத் தாமே நீக்கியவராவார். ஆகவே, துரத்துமுன் அது எவ்வினப் பறவையென அறிதல் வேண்டும்.

எவற்றைக் கவனித்தல் வேண்டும்?

நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. ஒரே இனத்தில் இளம் பறவைக்கும் முதிர்ந்த பறவைக்கும் நிறம் வேறுபடும். பறவை அசையாது அமர்ந்திருக்கும்போது பின்வருவனவற்றை ஒழுங்காகப் பாருங்கள்.

1. பருமன்: புறாவின் அளவா, காகத்தின் அளவா, அதனினும் பெரியதா?
2. கால்: மஞ்சள் நிறக் கால் வெறுமையாகத் தெரிகின்றதா, விரல்வரை இறகால் மூடப்பட்டுள்ளதா?
3. வால்: மடித்த சிறகின் நுனி வாலின் நுனியை எட்டுகின்றதா, அதற்கு முன்னரே முடிகின்றதா?
4. தலை: குடுமி உண்டா? கண்ணின் நிறம் யாது?
5. இடம்: வெளியான கம்பத்தில் அமர்கின்றதா, இலைகளுக்குள் மறைகின்றதா?

அடிக்கடி காணப்படும் ஐந்து பறவைகள்

கருந்தோட் பருந்து: காகத்தினும் சற்றுச் சிறியது. உடலின் கீழ்ப்புறம் வெண்மையாகவும் முதுகு சாம்பல் நிறமாகவும் இருக்கும். தோளிற் கருந்திட்டும், சிவந்த கண்ணும் உண்டு. மடித்த சிறகு குறுகிய வாலையும் கடந்து நிற்கும். அமர்ந்தபடியே வாலை மேலும் கீழும் அசைக்கும். பறக்கையில் ஓரிடத்தில் நின்று சிறகடித்துக் கீழே நோக்கும். எலியும் வெட்டுக்கிளியும் இதன் உணவு. வயலுக்கு இதனினும் நல்ல நண்பன் அரிது.

வைரி: ஏறக்குறைய புறாவின் அளவினது. முதுகு சாம்பல் நிறம். மார்பில் மெல்லிய செம்பழுப்புக் கோடுகள் குறுக்காக ஓடும். இளம் பறவையின் முதுகு கபிலமாகவும், மார்பு கபிலத் தீற்றல்களுடனும் இருக்கும். வால் நீண்டது, மடித்த சிறகு அதன் நுனியை எட்டாது. இலையடர்ந்த கிளையில் மறைந்திருக்கும். ஓணான், பல்லி, வெட்டுக்கிளி, எலி, சிறு பறவை ஆகியவற்றை உண்ணும்; சிலவேளை சிறு கோழிக்குஞ்சையும் எடுக்கும்.

பாம்புக் கழுகு: ஏறக்குறைய 2 அடி நீளமானது, கரிய கபில நிறமுடையது. வயிற்றில் வெண்புள்ளிகளும், பிடரியிற் குறுகிய குடுமியும் உண்டு. கண்ணுக்கும் அலகுக்கும் இடையிலுள்ள தோல் பளிச்சென்ற மஞ்சள் நிறமாயிருக்கும். கால் மஞ்சளாகவும் இறகின்றியும் காணப்படும். குளக்கட்டிலும் வயலோர மரத்திலும் நெடுநேரம் அசையாது இருக்கும். பாம்பு, ஓணான், தவளை, எலி ஆகியவற்றை உண்ணும்.

குடுமிக் கழுகு: இதுவும் 2 அடிக்குக் குறையாதது; ஆதலாற் பாம்புக் கழுகுடன் மயங்குதல் எளிது. இதன் குடுமி நீண்டு மேலெழுந்து நிற்கும். வெண்மையான மார்பிற் கருந்தீற்றல்கள் நெடுக்காக இருக்கும். கால் விரல்வரை இறகால் மூடப்பட்டிருக்கும். காலைப் பார்த்தே இவ்விரண்டையும் பிரித்தறியலாம். முயல், அணில், எலி ஆகியவற்றுடன் கோழியையும் பிடிக்கவல்லது.

செம்பருந்து: தலையும் மார்பும் வெள்ளை; ஏனைய பகுதி செங்கபில நிறம். இதன் இளம் பறவை முழுவதும் கபிலமாயிருப்பதால் வேறு பறவையெனப் பலர் எண்ணுவர். வட பகுதிக் கரையோரங்களிற் காணப்படும் கரும்பருந்தின் வால் நுனி பிளவுபட்டிருக்கும்; செம்பருந்தின் வால் நுனி வளைவானது. மீன், நண்டு, தவளை, இறந்த பிராணிகள் ஆகியன இதன் உணவு. இதுவும் இடையிடையே குஞ்சைக் கவரும்.

இவையன்றி, பெரும்போக காலத்தில் வடநாடுகளிலிருந்து பூனைப் பருந்துகள் வந்து தங்குவதுண்டு. இவை மரத்தில் அமர்வதினும் வரம்பிலும் தரையிலும் அமர்வதே அதிகம். பயிருக்குமேல் தாழப் பறந்து எலியையும் சிறு பறவைகளையும் தேடும்.

அமர்விடத்தின் கீழே பாருங்கள்

பறவை நாள்தோறும் அமரும் கம்பத்தின் அடியிற் சென்று பாருங்கள். இப்பறவைகள் செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாக வாயாற் கக்கும். காய்ந்த உருண்டையைக் குச்சியாற் பிரித்தால் சாம்பல் நிற எலி மயிர் காணப்படும். கோழிக்குஞ்சின் இறகு கிடக்கின்றதா என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டுவன

1. குறுக்குக் கட்டை பொருத்திய கம்புகளை வயலில் நட்டுவையுங்கள். கட்டை பயிருக்கு 3 அல்லது 4 அடி மேலே இருத்தல் நன்று. மரமில்லாத வெளி வயலிலும் பறவைகள் அமர்ந்து எலியை நோக்க இது உதவும்.

2. குஞ்சுகளைச் சிறகு முளைத்துப் பெரிதாகும்வரை கூடையாலோ வலை போட்ட கூட்டாலோ காத்துக்கொள்ளுங்கள். ஒரு பறவையைக் கொல்வதாற் குஞ்சு காக்கப்படுவதில்லை. அவ்விடத்திற்கு இன்னொன்று வரும்.

3. எலிக்கு வைக்கும் நஞ்சு பறவையையும் கொல்லக்கூடும். இரத்தம் உறையாமற் செய்யும் நஞ்சை உண்ட எலி உடனே இறவாது. சில நாட்கள் தளர்ந்து திரியும். அதனைப் பிடித்துண்ணும் பறவையும் நஞ்சுக்கு ஆளாகும். ஆகவே வரம்புகளைச் செதுக்கிச் சுத்தமாக வைத்தல், வளைகளைத் தோண்டி அழித்தல், பொறி வைத்தல் ஆகியவற்றை முதலிற் கையாளுங்கள். நஞ்சு வைக்க நேரின், இறந்த எலிகளை நாள்தோறும் பொறுக்கி ஆழப் புதையுங்கள்.

4. தோட்ட வலையிற் சிக்கிய பறவையைக் கண்டால், தலையைத் துணியால் மூடி, நகம் படாதவாறு காலைப் பற்றி வலையை அறுத்து விடுங்கள். காயமுற்றிருப்பின் வனசீவராசிகள் திணைக்கள அலுவலருக்கு அறிவியுங்கள்.

இப்பறவைகளைக் கொல்லுதலும் பிடித்தலும், 1937 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்ட விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றமாகும். இனங்காண இயலாத பறவையைக் கண்டால், மேற்கூறிய ஐந்து குறிப்புகளையும் எழுதிக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். எலிக்கட்டுப்பாடு பற்றிய ஆலோசனையையும் அவரிடமே பெற்றுக்கொள்ளலாம்.