மருந்துக்கும் நேரம் உண்டு



தோட்டத்தில் மரம் வெட்டியவர்களுக்கு இது தெரியும்: விடியும் முன் வெட்டினால் பால் நன்றாக இறங்கும்; வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதுபோல உங்கள் உடலுக்கும் நேரம் உண்டு. மூளை, கல்லீரல், கணையம் ஆகியவை ஏறக்குறைய 24 மணி நேரக் கணக்கில் இயங்குகின்றன. இதுவே உடல் கடிகாரம். இது இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பொதுவாக இன்சுலின் காலையில் நன்றாக வேலை செய்யும், இரவில் குறையும். ஆகவே, அதே அளவு சோற்றை இரவில் நேரம் கழித்துச் சாப்பிட்டால் இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறும். இரவு உணவை நேரத்தோடு முடியுங்கள்.

உங்கள் மாத்திரைகள்:

• மெட்ஃபோர்மின்: சாப்பாட்டுடன் அல்லது சாப்பிட்டவுடன். வயிற்றுக் கோளாறு குறையும்.

• கிளிக்லசைட்: சாப்பாட்டை ஒட்டி மட்டும். இது இன்சுலினைச் சுரக்க வைக்கும்.

• சிம்வாஸ்டாடின்: இரவில். கல்லீரல் கொழுப்பை இரவில்தான் அதிகம் உண்டாக்குகிறது.

• நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின்: தினமும் ஒரே நேரத்தில்.

• இரத்த அழுத்த மாத்திரை: பிரிட்டனில் 21,000-க்கும் அதிகமானோரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், காலையில் எடுத்தாலும் இரவில் எடுத்தாலும் பலன் ஒன்றாகவே இருந்தது. மறக்காமல் எடுப்பதே முக்கியம்.

வேலைக் காலப் பழக்கத்தில் இன்றும் நாலு மணிக்கு எழுந்து, வெறும் கோப்பியோடு மாத்திரையை விழுங்குகிறீர்களா? பசியாறுவது ஒன்பது மணிக்கா? கிளிக்லசைட் எடுப்பவருக்கு இது ஆபத்து. இடையில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். விரத நாட்களிலும் இப்படியே. விரதத்துக்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள்.

நடுக்கம், வியர்வை, படபடப்பு, பார்வை மங்கல் வந்தால், அல்லது சர்க்கரை அளவு 4-க்குக் கீழே போனால், மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கலக்கி உடனே குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 999-ஐ அழையுங்கள்.

மருந்து நேரத்தை நீங்களாக மாற்ற வேண்டாம். எழும் நேரம், சாப்பிடும் நேரம், தூங்கும் நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள். அடுத்த முறை கிளினிக்குக்கு வரும்போது அந்தத் தாளையும் எல்லா மாத்திரைகளையும் கொண்டு வாருங்கள். உங்கள் நாளுக்குப் பொருந்தும் நேரத்தை மருத்துவரும் மருந்தாளரும் குறித்துத் தருவார்கள்.