விளக்கு மினுக்கினால் முதலில் மீட்டர், பிறகு ஸ்பேனர்

"லைட் மினுக்குது, என்னன்னு பாருங்க." ஜாப் கார்டில் இந்த ஒரு வரியோடு வண்டி வந்து நின்றால், பல பட்டறைகளில் அடுத்து நடப்பது தெரிந்த கதைதான். பேட்டரி மாறும். சில நாளில் வண்டி திரும்பி வரும். டைனமோ இறங்கும். மறுபடியும் திரும்பி வரும். வாடிக்கையாளரின் பணம் ஆயிரக்கணக்கில் கரைந்திருக்கும்; கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டோ, ஹெல்ப்பராகச் சேர்ந்தோ ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாளிலிருந்தே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: அளக்காமல் எதையும் கழற்றக் கூடாது. அதைக் கற்றுக்கொள்ள சார்ஜிங் கோளாறைவிட நல்ல பாடம் இல்லை. இதில் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் பதிலாக ஒரு எண் கிடைக்கும்.

1. ஓட்டுநரிடம் கேளுங்கள்

பானட்டைத் திறக்கும் முன் நான்கு கேள்விகள் போதும்.

• எல்லா விளக்கும் மினுக்குகிறதா, ஒன்று மட்டுமா? ஒன்று மட்டும் என்றால் அந்த பல்பின் ஹோல்டர், கனெக்டர், எர்த் ஆகியவற்றைப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் பக்கம் போகவே வேண்டாம்.
• ஆக்சிலரேட்டரை மிதித்தால் வெளிச்சம் ஏறி இறங்குகிறதா? அப்படியானால் சார்ஜிங் பக்கம் சந்தேகப்படுங்கள்.
• பள்ளம் மேட்டில் மட்டும் வருகிறதா? எங்கோ ஒரு இணைப்பு ஆடுகிறது.
• சமீபத்தில் டிங்கரிங், பெயின்டிங் நடந்ததா? புதிதாக ஹாரன், எல்.இ.டி., மியூசிக் சிஸ்டம் ஏதாவது போட்டீர்களா?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலே பல நேரம் கோளாறின் முகவரியைச் சொல்லிவிடும். எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் பூசப்பட்டிருந்தால் அங்கே கரன்ட் ஒழுங்காகப் பாயாது. வழக்கமான 60/55 வாட் ஹெட்லைட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 போட்டிருந்தால், ஹை பீமில் இரண்டு விளக்குக்கும் சேர்த்து 10 ஆம்பியர் போன இடத்தில் 16 ஆம்பியருக்கு மேல் போகும். கம்பெனி ஒயரும் சுவிட்சும் அதைத் தாங்காமல் ஹோல்டர் கருகும்.

2. கண்ணால் பாருங்கள்

பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா? கையால் திருகினால் கிளாம்ப் நகர்கிறதா? பெல்ட் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா? மழை நாளில், அல்லது ஹெட்லைட்டும் ஏ.சி.யும் சேர்ந்து ஓடும்போது பெல்ட் கீச்சிட்டால் அது வழுக்குகிறது என்று அர்த்தம். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைத் தடவிப் பாருங்கள். கடலோர ஊர் வண்டிகளில் அந்த போல்ட் துருப்பிடித்துக் கிடப்பது சகஜம். இந்த வேலையை எல்லாம் இன்ஜின் ஓடாதபோது செய்யுங்கள்.

3. மூன்று எண்களை எழுதுங்கள்

மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, புரோபை கிளாம்ப்பில் வைக்காமல் பேட்டரியின் ஈயக் குமிழிலேயே வையுங்கள்.

• ஓய்வில்: முழுச் சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி. வண்டி இப்போதுதான் ஓடி வந்தது என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளங்கள். இல்லாவிட்டால் மேலோட்டமான சார்ஜ் உங்களை ஏமாற்றும்.
• செல்ஃப் அடிக்கும்போது: 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக் கூடாது. விழுந்தால் பேட்டரியை லோடு டெஸ்ட் செய்யுங்கள்.
• இன்ஜின் ஓடும்போது: சுமார் 1,500 ஆர்.பி.எம்.மில் 13.8 முதல் 14.5 வரை. பிறகு ஹெட்லைட், ஏ.சி., புளோயர் எல்லாவற்றையும் போடுங்கள். 13.5 வாக்கில் நின்றால் நல்லது. 12.6க்கே இறங்கிவிட்டால் சார்ஜ் போதவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்கள். அது பேட்டரியையும் பல்புகளையும் சேர்த்தே அழிக்கும்.

4. வோல்டேஜ் டிராப்: இதுதான் கைத்திறன்

ஹெல்ப்பரையும் எலக்ட்ரிஷியனையும் பிரித்துக் காட்டுவது இந்தச் சோதனைதான். ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். லைட் மினுக்குகிறது, செல்ஃபும் மந்தமாகச் சுற்றுகிறது. லோடு போட்டு அளந்தால் பேட்டரியில் 12.9 வோல்ட்தான் இருக்கிறது. "டைனமோ போச்சு" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்கும். அவசரப்பட வேண்டாம். ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் தடித்த ஒயர் மாட்டியிருக்கும் பி பிளஸ் போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே அளங்கள். அங்கே 14.3 இருக்கிறது. ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது, 1.4 வோல்ட் வழியில் தொலைகிறது.

இப்போது வழியை அளக்க வேண்டும். இன்ஜின் ஓட, எல்லா லோடும் போட்டபடி, ஒரு புரோபை பி பிளஸ்ஸிலும் மற்றதை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள்: 0.2. இது சரி, 0.3 வரை பொறுக்கலாம். அடுத்து ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும்: 1.2. இங்கே 0.2க்கு மேல் இருக்கக் கூடாது. கோளாறு எர்த் பக்கம் என்று முடிவாகிவிட்டது.

இனி புரோபைப் படிப்படியாக நகர்த்துங்கள். மைனஸ் குமிழிலிருந்து கிளாம்ப்: 0.02. கிளாம்ப்பிலிருந்து பாடி போல்ட்: 0.05. பாடியிலிருந்து இன்ஜின் பிளாக்: 1.13. ஆக, எர்த் பட்டைதான். போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை தேய்த்து, இழைகள் அறுந்திருந்தால் புதுப் பட்டை போட்டு இறுக்குங்கள். செல்ஃப் மந்தமானதற்கும் அதே பட்டைதான் காரணம். ஸ்டார்ட்டரின் கரன்ட்டும் அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

இதை ஓம் மீட்டரில் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்பார்கள். முடியாது. 40 ஆம்பியர் ஓடும் வழியில் வெறும் 0.05 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். சாதாரண மீட்டரின் ஒயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. கரன்ட் ஓடும்போது அளந்தால்தான் இந்தக் கோளாறு சிக்கும்.

5. வோல்ட் சரி, ஆனாலும் மினுக்கினால்

இப்போது டையோடைச் சோதியுங்கள். இன்ஜினும் லோடும் ஓட, மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியில் அளங்கள். 0.5க்கு மேல் காட்டினால் ரெக்டிஃபையரில் டையோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். ரேடியோவில் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் இரைச்சல் அதற்கு இன்னொரு அடையாளம். சில மலிவு மீட்டர்கள் டி.சி.யையும் சேர்த்து 20க்கு மேல் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். அதை நம்ப வேண்டாம். முதல் சம்பளத்தில் ஒரு நல்ல மீட்டர் வாங்குங்கள்.

புதிய கார்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் எவ்வளவு சார்ஜ் செய்ய வேண்டும் என்பதை இ.சி.யு. தீர்மானிக்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்த அது வோல்டேஜை வேண்டுமென்றே இறக்கும், பிரேக் பிடிக்கும்போது ஏற்றும். அத்தகைய வண்டியில் ஒரு தடவை 12.8 பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஸ்கேனரை மாட்டி, இ.சி.யு. கேட்கும் வோல்டேஜையும் கிடைக்கும் வோல்டேஜையும் ஒப்பிடுங்கள். ஹெட்லைட்டுக்கு மின்சாரத்தைத் துடிப்புகளாக அனுப்பும் கார்களும் உண்டு. ஹாலஜன் பல்பில் அது தெரியாது. வெளியில் வாங்கிப் போட்ட எல்.இ.டி. பல்ப் அதனால் மினுக்கும்.

6. இவற்றைச் செய்யவே கூடாது

• இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி "சார்ஜ் ஆகுதா" என்று பார்ப்பது. அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் இ.சி.யு.வை எரித்துவிடக்கூடும். பழைய வண்டியில் பழகிய கை என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.
• பிளஸ்ஸை முதலில் கழற்றுவது. மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும்.
• சார்ஜ் ஆகும் பேட்டரி அருகே தீப்பொறி. அதிலிருந்து வருவது ஹைட்ரஜன். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கையில் காப்பு, மோதிரம் வேண்டாம்.

7. எண்ணைச் சொல்லுங்கள், எழுதுங்கள்

"டைனமோ வீக்கா இருக்கு சார்" என்பதைவிட, "எர்த்ல 1.2 வோல்ட் டிராப் ஆச்சு சார், பட்டையை மாத்தினதும் 0.1க்கு வந்துடுச்சு, நீங்களே பாருங்க" என்பதில் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது! வேலைக்கு முன் அளந்ததையும் பின் அளந்ததையும் ஜாப் கார்டில் எழுதி வையுங்கள். அதே வண்டி மீண்டும் வந்தால், எங்கே தொடங்க வேண்டும் என்பது ஒரு பார்வையில் தெரியும். சம்பள உயர்வு கேட்கும் நாளில் உங்களுக்காகப் பேசுவதும் அந்த அட்டைகள்தான்.

மின்சாரக் கார் வந்தால் இந்தத் தொழில் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். அவற்றிலும் விளக்குக்கும் கன்ட்ரோலர்களுக்கும் 12 வோல்ட் பேட்டரி உண்டு. ஆல்டர்னேட்டருக்குப் பதிலாக டி.சி. டு டி.சி. கன்வெர்ட்டர் அதைச் சார்ஜ் செய்கிறது. ஆரஞ்சு நிற உயர் அழுத்தக் கேபிளைத் தொடத் தனிப் பயிற்சி கட்டாயம். அந்தப் பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்று ஃபோர்மேன் யோசிக்கும்போது, மீட்டரை ஒழுங்காகப் பிடிக்கத் தெரிந்த பையனின் பெயர்தான் அவர் வாயில் முதலில் வரும்.