தோட்டத்து நாய்க்குட்டிக்குக் கழிச்சல் கண்டால்…

முயல், மயில், பன்றி விரட்ட தோட்டத்துக்கு ஒரு நாய் வேணும்னு நாம எல்லாரும் குட்டி தூக்கி வர்றோம். வந்த நாலாம் நாளே அது கழிய ஆரம்பிச்சிடும். சில வருசத்துக்கு முன்னே எங்க தோட்டத்திலும் இதுதான் நடந்தது. சுக்கும் மோரும் கொடுத்து ரெண்டு நாள் பார்த்தோம். மூணாம் நாள் காலையில் குட்டி இல்லை. அதில் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

எதனால் வருகிறது?

முதல் காரணம் பால். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் மாட்டுப்பாலைப் போல இரண்டு மடங்கு. பால் சர்க்கரை குறைவு. மாட்டுப்பாலை நிறைய ஊற்றினால் குட்டிக்குச் செரிக்காது. அடுத்தது, தீவனத்தைத் திடீரென மாற்றுவது. மூன்றாவது, குடற்புழு. தாயிடமிருந்தே இது குட்டிக்கு வந்துவிடும்.

நம்ம தோட்டத்துக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு: ஆமணக்குப் பிண்ணாக்கு. நாய் அதை விரும்பித் தின்னும். கடும் விஷம், வாந்தியும் ரத்தக் கழிச்சலும் வரும். எரு மூட்டையை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

முதல் நாள் என்ன செய்யலாம்?

குட்டி துறுதுறுவென ஓடி விளையாடி, கழிச்சல் மட்டும் இளக்கமாக இருந்தால் பாலை நிறுத்துங்கள். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து, கால் மணிக்கொரு தடவை ஒன்றிரண்டு ஸ்பூன் நக்கக் கொடுங்கள். குழைய வடித்த சோறும், உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியும் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை வைக்கலாம். பெரிய நாயைப் போலக் குட்டியைப் பட்டினி போடக் கூடாது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிச் சுருண்டுவிடும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

கழிச்சலில் ரத்தம், அழுகிய நாற்றம், தொடர் வாந்தி, சோர்ந்து படுப்பது, ஈறு வெளுப்பது, பிடரித் தோலை இழுத்து விட்டால் மெதுவாகத் திரும்புவது - இதில் ஒன்று இருந்தாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். பார்வோ வைரஸாக இருக்கலாம். அதற்குக் கைமருந்து கிடையாது. நரம்பில் திரவம் ஏற்றுவதுதான் உயிரைப் பிடித்து வைக்கும். விளையாடுகிற குட்டியே ஆனாலும், 24 மணி நேரத்தில் கழிச்சல் நிற்காவிட்டால் காட்டிவிடுங்கள்.

இயற்கை என்பதாலேயே நல்லதா?

பூச்சி போக பூண்டு அரைச்சுக் கொடுப்பது நம்மில் பலருக்கும் பழக்கம். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். புழுவால் ஏற்கெனவே ரத்தம் குறைந்த குட்டிக்கு அது எமன். நாம் சாப்பிடும் காய்ச்சல், வலி மாத்திரைகளும் வேண்டாம். பயிருக்கு ரசாயனம் வேண்டாம் என்பது நம் கொள்கை. குட்டியின் உயிர் வேற கணக்கு.

வருமுன் காக்க

பிறந்த 2-ஆம் வாரம் தொடங்கி 8-ஆம் வாரம் வரை இரு வாரத்துக்கொரு முறை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை, மருத்துவர் சொல்லும் அளவில் குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள். பார்வோ தடுப்பூசியை 6-8 வாரத்தில் தொடங்கி, 3-4 வார இடைவெளியில் 16 வாரம் வரை போட வேண்டும். வெறிநோய் ஊசி 3 மாதத்தில்.

குட்டியின் கழிவைக் காய்கறிப் பாத்திக்கான எருக்குழியில் போடாதீர்கள். புழு முட்டை மண்ணில் நெடுநாள் கிடந்து நம் பிள்ளைகளுக்கும் தொற்றும். தனியாக ஆழப் புதையுங்கள். பார்வோவில் குட்டி செத்த இடத்தில் மாதக்கணக்கில் கிருமி இருக்கும். அடுத்த குட்டியைத் தடுப்பூசி முழுதும் முடித்த பிறகே அங்கே கொண்டு வாருங்கள்.

நாங்க அடுத்த குட்டியை அப்படித்தான் கொண்டு வந்தோம். இப்ப ராத்திரி கடலைக்காட்டைச் சுத்தி வருது.