சமையலறை மின்கருவிகளும் நாமும்



காலையில் பள்ளிக்குப் புறப்படும் வேளையில் உங்கள் வீட்டுச் சமையலறையைச் சற்று உற்றுப் பாருங்கள். ஒரு மூலையில் ரொட்டி சுடும் டோஸ்டர் இருக்கும். அதனருகே தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கேத்தல், அப்பால் ரைஸ் குக்கர், சட்னி அரைக்க மிக்சி. நம் பாட்டிமார் தோட்டத்து லயங்களில் குடியிருந்த காலத்தில் இவற்றுள் ஒன்றேனும் இருந்ததில்லை. அம்மியும் ஆட்டுக்கல்லும் விறகடுப்புமே அவர்கள் கண்ட கருவிகள். பல தோட்டங்களில் மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடினால்தான் விளக்கே எரியும். ரொட்டிக்காரர் மிதிவண்டியில் கொண்டு வரும் ரொட்டியைக் கம்பியில் குத்தித் தணலில் வாட்டித் தின்றார்கள். (கோப்பிக் கடைகளில் கரியடுப்பில் வாட்டிக் காயா தடவித் தரும் ரொட்டியின் மணம் டோஸ்டர் ரொட்டிக்கு வாராது என்பது எம் கருத்து. அது கிடக்கட்டும்.)

குளிர்சாதனப் பெட்டி வாங்குவதென்றால் குடும்பமே ஒரு வாரம் கூடிப் பேசுகிறது. நான்கு கடைகளில் விலை கேட்கிறது. டோஸ்டரோ கேத்தலோ வாங்கும்போது அப்படிச் செய்கிறோமா? போகிற போக்கில், நிறம் அழகாக இருக்கிறது, விலை மலிவாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வந்து விடுகிறோம். கருவி சிறிதென்பதால் அதனுள் பாயும் மின்சாரமும் சிறிதென்று எண்ணுவது தவறு. கையடக்கமான ஒரு மின்கேத்தல், வீட்டிலுள்ள குளிர்சாதனப் பெட்டியைவிடப் பன்மடங்கு மின்சாரத்தை அந்த ஐந்து நிமிடத்தில் இழுக்கிறது.

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுவோம். எம் உறவினரான அம்மையார் ஒருவர் தொழிற்சாலையில் வேலை செய்பவர். பாசார் மாலாமில் 25 ரிங்கிட்டுக்கு ஒரு மின்கேத்தல் வாங்கினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதன் பிளக்கில் உருண்டையான இரண்டு கால்களே இருந்தன. நம் வீட்டுச் சுவரிலோ மூன்று சதுரத் துளைகள். மறு வாரம் கடைக்காரரிடம் கேட்டதற்கு, "மேல் துளையில் ஒரு சாப்ஸ்டிக்கை விட்டு அழுத்துங்கள், பிளக்கு உள்ளே போய்விடும்" என்று வழி சொல்லிக் கொடுத்தாராம். அம்மையாரும் மூன்று வாரம் அவ்வாறே செய்து வந்தார். ஒரு நாள் காலை ஈரக் கையோடு கேத்தலைத் தொட்டவரை மின்சாரம் தாக்கித் தூக்கியெறிந்தது. வீட்டின் மின்பலகையிலிருந்த மின்கசிவுத் துண்டிப்பான் உடனே மின்சாரத்தை நிறுத்தியதால் உயிர் பிழைத்தார். இரண்டாம் ஆண்டில் பயிலும் அவர் மகள் அப்பொழுது பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அம்மாவுக்கு முன் அவள் கேத்தலைத் தொட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணவே நெஞ்சம் நடுங்குகிறது.

மூன்றாவது கால் எதற்கு?

நம் நாட்டு மின்துளைப் பெட்டியில் மேலே இருப்பது நிலத்தொடர்புத் துளை. கீழே உள்ள இரண்டில் ஒன்றில்தான் உயிருள்ள மின்சாரம் இருக்கிறது. அவ்விரு துளைகளையும் உள்ளேயிருக்கும் சிறு கதவுகள் மூடியிருக்கின்றன. பிளக்கின் மூன்றாவது கால் மற்ற இரண்டையும்விட நீளமானது. அதுவே முதலில் உள்ளே சென்று கதவுகளைத் திறக்கிறது. குழந்தைகள் கம்பியை விட்டு விளையாடினாலும் ஆபத்து நேராதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. சாப்ஸ்டிக்கையோ பேனா மூடியையோ விட்டு அக்கதவைத் திறப்பவர்கள், காவலாளியை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பவர்களைப் போன்றவர்கள்.

அந்த மூன்றாவது காலுக்கு வேறொரு வேலையும் உண்டு. கேத்தலின் உலோக உடம்பிலிருந்து பச்சையும் மஞ்சளும் கலந்த கம்பி ஒன்று அக்காலுக்கு வருகிறது. அங்கிருந்து நிலத்துக்குச் செல்கிறது. உள்ளே ஏதேனும் கம்பி அறுந்து உலோகத்தைத் தொட்டால், மின்சாரம் இந்த வழியே நிலத்தில் இறங்கிவிடும். பியூசு எரிந்தோ துண்டிப்பான் விழுந்தோ கருவி நின்றுவிடும். இரண்டு கால் பிளக்கில் அந்த வழி கிடையாது. அப்போது மின்சாரம் நிலத்துக்குச் செல்லத் தேடும் வழி, கருவியைத் தொடுபவரின் உடல்தான்.

மின்பலகையில் உள்ள துண்டிப்பானில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்திட்ட ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்கும்படி அப்பாவிடம் சொல்லுங்கள். அழுத்தியவுடன் டக்கென்று மின்சாரம் நின்றால் துண்டிப்பான் நல்ல நிலையில் இருக்கிறது என்று கொள்ளலாம். நிற்காவிட்டால் மின்பணியாளரை அழைக்கத் தாமதிக்கக் கூடாது.

டோஸ்டரின் கதை

டோஸ்டருக்குள் எட்டிப் பார்த்தால் செக்கச் சிவந்த கம்பிகள் தெரியும். அது நைக்குரோம் என்னும் கலப்புலோகம். நிக்கலும் குரோமியமும் சேர்ந்தது. அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் பயன்படுத்திய கம்பிகள் சிவக்கக் காய்ந்ததும் காற்றுப் பட்டு விரைவில் எரிந்து போயின. நைக்குரோமின் மேல் படியும் மெல்லிய ஏடு அதைக் காக்கிறது. கம்பியைச் சுற்றி வைத்திருக்கும் பளபளப்பான தகடு, நம் ஊர்ப் பெரியவர்கள் காக்காய்ப்பொன் என்று அழைக்கும் அப்பிரகம். வெப்பத்தைத் தாங்கும், மின்சாரத்தைக் கடத்தாது.

முற்காலத்து டோஸ்டரில் ஒரு பக்கம் சிவந்ததும் ரொட்டியைக் கையால் திருப்ப வேண்டும். மறந்தால் கரிதான். மினசோட்டா மாநிலத்தில் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய சார்லஸ் ஸ்ட்ரைட் என்பார், நேரம் முடிந்ததும் ரொட்டியைத் தானே மேலே தள்ளும் டோஸ்டரை அமைத்து 1921-இல் காப்புரிமை பெற்றார். உங்கள் வீட்டு டோஸ்டர் அதன் வழி வந்ததே.

வாங்கும்போது பார்க்க வேண்டியது நிறமன்று, துளையின் அகலம். கடையில் வெட்டி விற்கும் மெல்லிய ரொட்டிக்கு எந்த டோஸ்டரும் போதும். ஆனால் பெங்காலி ரொட்டியை நாம் கனமாக வெட்டிப் போடுகிறோம். அது வெந்து உப்பி உள்ளே சிக்கிக்கொள்கிறது. உடனே வீட்டில் ஒருவர் முள்கரண்டியை எடுத்துக் குத்துகிறார். மாணவர்களே, இதைக் கவனமாகப் படியுங்கள். டோஸ்டரின் கம்பி எவ்வித உறையும் இல்லாத வெறுங்கம்பி. கரண்டி அதைத் தொடும்போது மற்றொரு கை டோஸ்டரின் உலோக உடம்பைப் பிடித்திருக்குமானால், மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும். இடையில் இருப்பது இதயம். ரொட்டி மேலெழுந்து கம்பி கறுத்துவிட்டாலும், சில கருவிகளில் அல்லது தவறாகக் கம்பி இணைத்த வீடுகளில் கம்பியில் மின்சாரம் நின்றுவிட்டது என்று நம்புவதற்கில்லை. சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, சூடு ஆறிய பின்னரே கவிழ்த்துத் தட்டி எடுக்க வேண்டும். அடியில் துகள் தட்டு இருக்கிறதா என்றும் கடையிலேயே இழுத்துப் பாருங்கள். வாரக் கணக்கில் சேர்ந்த ரொட்டித் துகள் காய்ந்த சருகு போலத் தீப்பற்றும்.

ரொட்டி பொன்னிறத்தில் இருக்கட்டும். மாவுப் பண்டங்களை மிகுந்த சூட்டில் கறுக்கச் சுட்டால் அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருள் உண்டாகிறது என்பதைச் சுவீடன் நாட்டு அறிவியலாளர்கள் 2002-இல் எடுத்துக் காட்டினர்.

ரைஸ் குக்கருக்கு எப்படித் தெரிகிறது?

சோறு வெந்துவிட்டது என்று குக்கருக்கு யார் சொல்கிறார்கள்? இக்கேள்விக்கு விடை கண்டவர் ஜப்பானியரான யொஷிதடா மினாமி. அவருடைய மனைவி ஃபுமிக்கோ வீட்டில் திரும்பத் திரும்பச் சோறு வடித்துச் சோதனைகள் செய்தார். தோஷிபா நிறுவனம் 1955-ஆம் ஆண்டு திசம்பரில் அக்கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதில் பானைக்கு வெளியே இன்னொரு பானை. வெளிப்பானையில் ஊற்றிய ஒரு குவளை நீர் ஏறக்குறைய 20 நிமிடத்தில் வற்றும். வற்றியதும் சூடு ஏறும். சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகடு ஒன்று சுவிட்சை அணைத்துவிடும்.

இன்றைய சாதாரண குக்கரில் வெளிப்பானை இல்லை. பானையின் அடியில் ஸ்பிரிங்கின் மேல் ஒரு காந்தம் இருக்கிறது. பானையில் நீர் இருக்கும் வரை சூடு 100 பாகையைத் தாண்டாது. அரிசி நீரை உறிஞ்சி முடித்ததும் சூடு அதற்கு மேல் ஏறும். உடனே அங்குள்ள உலோகம் காந்தப் பற்றை இழக்கும். பிடி விட்டுப் போய் டக்கென்று சுவிட்சு மேலே எழும். புதிய குக்கர் சோற்றை வேக விடாமல் நின்றுவிடுகிறது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் பலர். முதலில் பானையை எடுத்து அடியைப் பாருங்கள். ஒரு சோற்றுப் பருக்கை தட்டில் ஒட்டியிருந்தால் போதும், பானை சரியாக அமராது. சூடும் ஒழுங்காகப் பரவாது. பானையின் வெளிப்புறத்தை ஈரமில்லாமல் துடைத்து வைப்பதும் வேண்டும்.

சோறு வெந்த பின்னும் குக்கர் மின்சாரம் குடிக்கிறது என்பதைப் பலர் எண்ணுவதில்லை. 700 வாட்டுக் குக்கர் அரை மணி நேரம் சமைத்தால் செலவு 0.35 யூனிட்டு. சூடு காக்கும் நிலையில் 40 வாட்டு என்று வைத்துக்கொள்வோம். காலையில் வடித்த சோற்றை இரவு வரை பத்து மணி நேரம் அப்படியே விட்டால் 0.40 யூனிட்டு. சமைத்ததைவிடக் காத்ததற்கே செலவு அதிகம்! டோஸ்டரோ, 800 வாட்டானாலும் மூன்று நிமிடமே எரிவதால் 0.04 யூனிட்டோடு நிற்கிறது. ஆகவே வாட்டை மட்டும் பார்த்து மிரள வேண்டியதில்லை. நேரத்தையும் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பொருள்கள்

தமிழகத்துக்குச் சென்று திரும்புவோர் மிக்சி வாங்கி வருவது வழக்கம். உளுந்தையும் தேங்காயையும் அரைப்பதற்கென்றே அமைந்த கருவி அது. இந்திய மின்னழுத்தம் நம்முடையதைப் போன்றே 230 வோல்ட்டு, ஆகையால் ஓடும். பிளக்குதான் பொருந்தாது. தெரிந்த மின்பணியாளரிடம் கொடுத்து நம் நாட்டுப் பிளக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். அடியில் எத்தனை நிமிடம் ஓட்டலாம், எவ்வளவு ஓய்வு தர வேண்டும் என்று அச்சிட்டிருப்பதையும் படிக்க வேண்டும். மாவு அரைபடவில்லையே என்று கால் மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டி மோட்டாரைப் புகைய வைத்தவர்கள் உண்டு.

ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட்டு, அமெரிக்காவில் 120. அங்கே விற்கும் டோஸ்டரை இங்கே நேரே செருகினால், 100 வோல்ட்டுக் கருவியில் ஐந்து மடங்குக்கு மேல் வெப்பம் உண்டாகும். பரிசாக வந்த பொருளாயினும் அடியிலுள்ள தகட்டைப் படிக்காமல் செருகாதீர்கள்.

முத்திரையும் பற்றுச்சீட்டும்

மலேசியாவில் விற்கப்படும் கேத்தல், டோஸ்டர், ரைஸ் குக்கர் போன்றவை எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். சிரிம் முத்திரையும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். எம் உறவினரின் கேத்தலில் அது இல்லை. பற்றுச்சீட்டும் அவரிடம் இல்லை. மீண்டும் சந்தைக்குப் போனபோது அந்தக் கடைக்காரரும் அங்கில்லை. 25 ரிங்கிட்டு போனது போனதுதான்.

பற்றுச்சீட்டு இருந்திருந்தால் நிலைமை வேறு. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாகவும் பாதுகாப்பானதாகவும் இருக்க வேண்டும். வணிகர் மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஐந்து ரிங்கிட்டுக் கட்டணத்தில் முறையிடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. 25,000 ரிங்கிட்டாக இருந்த கோரிக்கை உச்சவரம்பு 2019-இல் 50,000 ஆக உயர்த்தப்பட்டது. ஒரு சிறு எச்சரிக்கை: இக்காலத்துப் பற்றுச்சீட்டுகள் வெப்பத்தால் அச்சிடப்படுபவை. சில மாதங்களில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படமெடுத்து வைக்கும்படி அம்மாவிடம் கூறுங்கள்.

பயிற்சி

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பிளக்கைக் கழற்றிய பின், வீட்டுச் சமையலறைக் கருவிகளின் அடியிலுள்ள தகடுகளைப் படித்து வோல்ட்டையும் வாட்டையும் ஏட்டில் எழுதுக. பின் இக்கணக்கைச் செய்க. ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் 2,200 வாட்டுக் கேத்தல், 700 வாட்டுக் குக்கர், 800 வாட்டு டோஸ்டர் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் போடுகிறார்கள். மொத்தம் 3,700 வாட்டு. 230-ஆல் வகுத்தால் 16 ஆம்பியருக்குச் சற்று மேல். வயரின் பிளக்கில் உள்ள பியூசு தாங்குவது 13 ஆம்பியர். இம்மூன்றில் எவ்வெவற்றைச் சேர்த்துப் போடலாம், எதைச் சுவரில் தனியே செருக வேண்டும்? உங்கள் வீட்டுக் கருவிகளின் எண்களை இட்டும் இதே கணக்கைச் செய்து, வகுப்பாசிரியரிடம் காட்டுக.